காற்றுத் துப்பாக்கியும் நான் கட்டிய கத்தியும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்த பிள்ளைகள் ஏழு. அதில் ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. யாராவது கேட்டால் பிரித்துச் சொல்ல மாட்டேன், ஏழு என்றே சொல்வேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகும். ஆகட்டும், நான் என்ன ரயிலைப் பிடிக்கவா போகிறேன்.

சொல்ல வந்தது துப்பாக்கியைப் பற்றி. அதிலும் பெரிய துளை வைத்த, ஒரு மானையே சாய்க்கிற காற்றுத் துப்பாக்கியைப் பற்றி. எங்கள் குடும்பத்துப் பெண்களில் இந்த விஷயம் என்னைவிடத் தெரிந்தவள் கிடையாது. ஆறு மாதம் அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லாத ஒரு வீட்டில் இருந்தேன்.

அந்த வீடு அமெரிக்காவில், டெக்சாஸில், காப்பெல் என்கிற ஊரில். என் நாலாவது மகனுடைய வீடு. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். மருமகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை வரவழைத்திருந்தார்கள். மகன் கம்ப்யூட்டர் வேலை. கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். அப்போதுதான் அவனுக்கு வேட்டை ஆசை வந்தது.

டெக்சாஸில் வேட்டை ஆசை வருவது ஜலதோஷம் வருவது மாதிரி, பக்கத்தில் இருக்கிறவனிடமிருந்து ஒட்டிக்கொள்ளும். ஆபீசில் ஆளாளுக்கு மான் படத்தை மேஜையில் வைத்திருந்தார்களாம். ஆனால் வெடிக்கிற துப்பாக்கியைத் தொட இவனுக்குப் பயம். கார்டு கைக்கு வரும்வரை அந்தப் பக்கமே போகாதே என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதுவும் எங்கள் முஸ்லிம் பெயர்களை வைத்துக்கொண்டு, அந்த வருஷங்களில், கையில் துப்பாக்கியோடு நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்று வக்கீல் சொல்லாமலே தெரியும். காற்றுத் துப்பாக்கி என்றால் மருந்து இல்லை, வெடி இல்லை, காகிதக் கணக்கில் அது துப்பாக்கியே இல்லை என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். கண்டுபிடித்துக் கொடுத்தவன் அடுத்த தெருவில் இருந்த அவன் சிநேகிதன், ஒரே ஆபீஸ், சென்னைப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கும் முப்பத்தைந்து இருக்கும். என்னை ஆன்ட்டி என்பான், நான் போடுகிற டீயை இரண்டு டம்ளர் குடிப்பான்.

சனிக்கிழமையானால் இருவரும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்பேன். துளை பெரிதாக வேண்டும், அரை அங்குலமாவது வேண்டும் என்பான் சிநேகிதன். குண்டு கனமாக வேண்டும், நாவல்பழக் கொட்டை அளவுக்காவது ஈயம் இருந்தால்தான் தோலைத் தாண்டி உள்ளே போகும் என்பான் மகன். சத்தம் வரக் கூடாது, மற்ற மான்கள் மிரளக் கூடாது. ஒரு தடவை காற்று அடைத்தால் மூன்று குண்டாவது ஒரே வேகத்தில் போகவேண்டும், நாலாவது குண்டில் மூச்சு வாங்கக் கூடாது. தோளில் வைத்தால் உலக்கை மாதிரி கனக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அடித்த இடத்திலேயே விலங்கு விழவேண்டும். இணையத்தில் எழுதுகிற வேட்டைக்காரர்கள் எல்லோரும் இதையேதான் கேட்கிறார்களாம். பொண்ணு பார்க்கப் போகிற வீட்டில்கூட இத்தனை கேட்டு நான் பார்த்ததில்லை.

கடைசியில் ஒன்று வந்து இறங்கியது. கூடவே கடலில் முங்குகிறவர்கள் முதுகில் மாட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு கறுப்பு சிலிண்டர். முங்கு நீச்சல் கடையில் போய் அதில் காற்று நிரப்பி வந்து, அதிலிருந்து குழாய் வழியாகத் துப்பாக்கிக்குக் காற்று ஏற்ற வேண்டும். கார் நிறுத்துகிற கராஜில் பாஸ்மதி அரிசிப் பையில் மணலை நிரப்பி, பின்னால் பழைய டெலிபோன் புத்தகங்களை அடுக்கிச் சுட்டுப் பார்த்தார்கள். வெடிச் சத்தம் இல்லை, வாஸ்தவம்தான். குண்டான ஆள் ஒருவர் அடக்கி வைத்துத் தும்மினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. குண்டு மணலைத் தாண்டி, ஐந்து டெலிபோன் புத்தகத்தையும் தாண்டி, ஆறாவதில் போய் உட்கார்ந்திருந்தது. நான் விரலை விட்டுப் பார்த்தேன். என் சுண்டுவிரல் தாராளமாகப் போனது.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் சம்மந்தி வந்து சேர்ந்தார். மருமகளின் வாப்பா. பேரனைப் பார்க்க ஒரு மாதம் தங்குவதாக ஏற்பாடு. மலைத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், அந்தக் காலத்தில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்து வேட்டையாடியவர். நல்ல மனுஷர், ஆனால் நாக்கு கொஞ்சம் நீளம். கல்யாணப் பந்தலிலேயே, தட்டச்சு அடிக்கிற கை, இது கோழிகூடப் பிடிக்காது என்று என் மகனைப் பற்றிச் சொல்லிவிட்டார். பத்து வருஷம் ஆகியும் அது அவன் மனசில் முள்ளாக நின்றது. என் மனசில் அதைவிடப் பெரிதாக நின்றது.

இன்னொன்று, சம்மந்தி பேணுதலான ஆள். கடையில் என்ன ஹலால் முத்திரை ஒட்டியிருந்தாலும், யார் அறுத்தது என்று தெரியாத கறியைத் தொட மாட்டார். அமெரிக்கா வந்த நாளிலிருந்து பருப்பும் முட்டையும்தான். முகம் சுருங்கிப்போய் மேஜையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என் மகன் தாங்காமல், மாமா, நீங்க ஊருக்குப் போறதுக்குள்ள நானே வேட்டையாடி, நீங்க திங்கிற மாதிரி மான் கறி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டான். சம்மந்தி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், பார்ப்போம் என்றார். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணப் பந்தல் முழுக்க இருந்தது.

அன்று மகன் என்னிடம் வந்து சொன்னான்.

"உம்மா, இந்த ஒரு தடவை அவரு வாயால நல்லா இருக்குன்னு கேட்டுரணும். அதுக்கப்புறம் துப்பாக்கிய வித்துட்டாக்கூடப் பரவாயில்ல."

சம்மந்தி கிளம்ப இன்னும் பதினோரு நாள் இருந்தது.

சிநேகிதன் ஒரு பண்ணைக்காரரைப் பிடித்தான், இரண்டரை மணி நேரத் தூரத்தில். அங்கே நம்மூர்ப் புள்ளிமானே மேய்கிறதாம். எப்போதோ யாரோ கொண்டுவந்து விட்டது, பெருகிப் போய் இப்போது தொல்லையாம். நம்மூரில் அதன் பக்கத்தில் போனால் ஜெயில், இங்கே வந்து சுட்டுக்கொண்டு போ என்கிறார்கள். லைசென்ஸ், அனுமதி எல்லாம் எடுத்தாயிற்று. மறுபடியும் லேப்டாப்பைத் திறந்து, அங்கேயே விழ எங்கே சுட வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அது அங்கேயே செத்துட்டா, நீ யாருக்குப்பா விருந்து வைக்கப் போற?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எங்களில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குண்டு அறுக்காது, இடிக்கும். இடித்துச் செத்தது எங்களுக்கு ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மில்லாஹ் சொல்லிக் கழுத்தில் கத்தி பட வேண்டும். ஆறு மாதமாக ஊரில் உள்ள வேட்டைக்காரன் எல்லாம் என்ன கேட்கிறான் என்று படித்தவன், தன் வீட்டு மேஜைக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவில்லை.

"சரி, அறுக்கிறது யாரு?" என்றேன்.

மகன் சிநேகிதனைப் பார்த்தான். சிநேகிதன், ஆன்ட்டி நான் இந்து, என் கையால அறுத்தா அங்கிள் சாப்பிட மாட்டாரே என்று கழன்றுகொண்டான். மகன் தரையைப் பார்த்தான். ஏழு பிள்ளைகளையும் படி படி என்றுதான் வளர்த்தேன், ஒருத்தனுக்கும் கோழி அறுக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அறுப்பு என் வேலையாக இருந்தது. என் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அதுவரை கோழியைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளையைத் தேடித் தெருத் தெருவாக அலைய என்னால் முடியாது. பெண் அறுக்கலாமா என்று நேராகப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டனுப்பினேன், தாராளமாக அறுக்கலாம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து கோழியும் ஆடும் நானே.

"நான் வர்றேன்" என்றேன். மருமகள் சம்மந்தியிடம் சொன்னபோது, சம்மந்தியம்மா அறுத்தா எனக்குச் சம்மதம் என்றார்.

காலை உடைத்துத் துடிக்க விடுகிற வேலை மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். யோசித்து ஒரு வழி கண்டார்கள். தோளுக்குப் பின்னால் அடித்தால் மான் கொஞ்சம் நடந்து படுக்குமாம், உயிர் ஒரு நிமிஷம் ஒன்றரை நிமிஷம் இருக்குமாம். சத்தம் இல்லாததால் மிரண்டு நெடுந்தூரம் ஓடாது. நாற்பது கஜத்தில் உட்கார்ந்தால், அதற்குள் ஆன்ட்டி போய்ச் சேர்ந்துவிடலாம். சிநேகிதன் இதற்கும் லேப்டாப்பில் கட்டம் போட்டான். ஒரு கட்டத்தில் 'ஆன்ட்டி நடை' என்று எழுதியிருப்பதாக மருமகள் படித்துக் காட்டினாள். என்னை வீட்டு வாசலில் இந்த மெயில்பாக்ஸிலிருந்து அந்த மெயில்பாக்ஸுக்கு நடக்கவிட்டு வாட்சைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு வெள்ளைக்காரம்மா செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை ஐம்பது செகண்டில் வந்தேன். அவள் கையைத் தட்டினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். பண்ணைக்காரர் தொப்பி போட்ட பெரியவர், என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும். துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து நிலத்தில் சினைக்குதிரை நிற்கிறது, வெடி வெடித்தால் அதற்கு ஆகாது, அதனால் இதுதான் தனக்குப் பிடித்தது என்றார். ஆனால் தன் நிலத்தில் அடிபட்ட விலங்கு அலையக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. மகன் எங்கள் அறுப்பைப் பற்றி எடுத்துச் சொன்னான். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, அப்படியானால் இந்த அம்மா வேகமாக நடக்க வேண்டியிருக்கும் என்றாராம். பிறகு பிக்கப்பில் ஏறிப் போய்விட்டார்.

தகரக் குடிசை ஒன்று, அதில் ஒரு ஜன்னல், மடக்கு நாற்காலி மூன்று. எதிரே மக்காச்சோளத்தைச் சிதறடிக்கிற டப்பா. ஒன்பது மணிக்கு அது தானாகச் சுற்றிச் சோளத்தை இறைத்தது. சிறிது நேரத்தில் நாலு மான் வந்தது. சிநேகிதன் மூச்சே விடவில்லை. மகன் உதடு மட்டும் அசைந்தது, பிஸ்மில்லாஹ் சொல்லியிருப்பான். துப்பாக்கி தும்மியது.

ஒரு மான் துள்ளியது. மற்ற மூன்றும் தலையைத் தூக்கிப் பார்த்தன, அவ்வளவுதான். அடிபட்டது இருபது அடி நடந்து, காலை மடக்கி, களைத்தவள் உட்காருவது போல உட்கார்ந்தது. ஆறு மாதமாக அவர்கள் கேட்டது அத்தனையும் அந்தத் துப்பாக்கி செய்துவிட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதற்கு மூச்சு இருந்தது. மகன் என் பையைக் காட்டினான்.

"உம்மா, கத்தி."

இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கத்தி என்னுடையது, ஊரிலிருந்து கொண்டுவந்தது, இரண்டு நாள் தீட்டியது. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை வந்தது. வழியில் போலீஸ் காரை நிறுத்தினால், முக்காடு போட்ட கிழவி பையில் ஒரு முழ நீளக் கத்தி என்று ஆகிவிடக் கூடாதே. அதனால் விமானத்துக்குச் சாமான் கட்டுகிற மாதிரி கட்டிவிட்டேன். அமெரிக்கா வந்து போகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், ஊறுகாய் பாட்டிலை எப்படிக் கட்டுவோம் என்று. முதலில் துண்டு. அதன் மேல் பிளாஸ்டிக் கவர். அதற்கு ரப்பர் பேண்ட். மறுபடி ஒரு கவர், அதன் வாயை முடிச்சுப் போட்டு, அதன் மேல் பழுப்பு டேப்பை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்து இழுத்துச் சுற்றியிருந்தேன். என் பொட்டலம் ஒன்றுகூட இதுவரை ஒழுகியதில்லை.

டேப்பின் நுனி கிடைக்கவில்லை. நகத்தால் சுரண்டினேன். மகன் வாங்கி இழுத்தான். சிநேகிதன் பிடுங்கிப் பல்லால் கடித்தான். வேறு கத்தி இருக்கிறதா என்றால், உம்மா கொண்டுவருவார்கள் என்று ஒருத்தனும் ஒன்றும் எடுத்துவரவில்லை. சிநேகிதன் சாவிக்கொத்தில் இருந்த நகவெட்டியை எடுத்து நீட்டினான், டேப்பை வெட்டவா மானை வெட்டவா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் கவரைக் கிழித்தால் உள்ளே இரண்டாவது கவர். ஆன்ட்டி நடைக்குக் கட்டம் போட்டவன், ஆன்ட்டி முடிச்சுக்குக் கட்டம் போட மறந்துவிட்டான்.

கத்தி வெளியே வந்தபோது நான் மண்டியிட்டு மானின் கண்ணில் விரலை வைத்தேன். இமை அசையவில்லை. மூக்கில் புறங்கையை வைத்தேன். போய்விட்டது.

"இன்னும் சூடாத்தான் இருக்கு ஆன்ட்டி" என்றான் சிநேகிதன் மெதுவாக. "வெட்டிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"இது செத்தது மூணு பேருக்குத் தெரியும்பா. மானையும் சேர்த்தா நாலு."

பண்ணைக்காரர் வந்து பார்த்தார். குண்டு பட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்து மகன் முதுகில் தட்டினார். பிறகு தரையில் கிடந்த டேப்பையும் கவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். மானை அவரே எடுத்துக்கொண்டார், வீணாகவில்லை. சிநேகிதன் தனக்கு ஒரு தொடை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி சுத்த சைவம், அதைக் கராஜைத் தாண்டி உள்ளே விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

காரில் ஏறித் திரும்பினோம். பாதி தூரத்தில் சிநேகிதன், வழியில் ஹலால் கடையில் ஆட்டுக்கறி வாங்கி மான் என்று வைத்துவிடலாமே என்றான். அந்தக் கறியைத் தொடாமல்தானே அவர் பருப்பைத் தின்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மகன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

"சுட்டேன், தப்பிடுச்சுன்னு சொல்லிடறேன் உம்மா. கத்தி விஷயத்த எடுக்க வேணாம்."

இவன் கை கோழி பிடிக்காது என்றவரிடம் போய், ஆமாம் பிடிக்காது என்று சொல்லப் போகிறான், எதற்காக என்றால் என் பெயர் கெடக் கூடாதாம். என் பெயரும் லேசுப்பட்டது இல்லை. ஊரில் என் அறுப்பையும் என் சமையலையும் நான் கட்டும் பொட்டலத்தையும் யாரும் குறை சொன்னதில்லை. சம்மந்தி வீட்டாரிடம் ஒரு வார்த்தை தாழ்ந்து பேசியதும் இல்லை. காப்பெல் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குப் போனபோது சம்மந்தி ஹாலில் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். மருமகள் மசாலா அரைத்து வைத்திருந்தாள். மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, மாமா, வந்து, என்று ஆரம்பித்தான். நான் அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் போய் நின்றேன். சம்மந்தியோடு நான் நேருக்கு நேர் நின்று பேசியது அதுதான் முதல் தடவை. எப்போதும் மருமகள் வழியாகத்தான் பேச்சு.

"மகன் சுட்டது சரியா விழுந்துச்சு சம்மந்தி. ஒரே குண்டு. நான்தான் கத்திய டேப் போட்டுச் சுத்தி வச்சிருந்தேன், பிரிக்கிறதுக்குள்ள அது போயிருச்சு. கறி இல்ல."

"டேப்பா?" என்றார்.

பையிலிருந்து அந்தக் கிழிந்த பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. அதைத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொரு கவராக எண்ணினார். ரப்பர் பேண்டை இழுத்து விட்டுப் பார்த்தார். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பிறகு மகனிடம் திரும்பி, எங்கே பட்டது, எத்தனை அடி போனது, சுடும்போது உட்கார்ந்திருந்தாயா நின்றாயா என்று வரிசையாகக் கேட்டார். அவன் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணில் வைத்துப் பார்த்தார், துளையில் விரலை விட்டுப் பார்த்தார், காற்று எங்கே போகிறது என்று கேட்டார். அரை மணி நேரத்தில் இருவரும் கராஜில் இருந்தார்கள். அரிசிப் பை மேல் தும்மல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மருமகள் அரைத்த மசாலாவில் முட்டைக் குழம்பு வைக்கப் போனேன். அடுப்படியில் நிற்கும்போது ஹாலில் சம்மந்தி ஊருக்குப் போன் போட்டார். அவருக்குப் போனில் மெதுவாகப் பேச வராது, ஊர்வரைக்கும் தொண்டையாலேயே எட்டிவிடலாம் என்று நினைப்பு.

"ஒரே குண்டு. இருபது அடியில உட்கார்ந்துருச்சாம். தோளுக்குப் பின்னால, அளந்து வச்ச மாதிரி. மாப்பிள்ளைய நாமதான் குறைச்சு எடை போட்டுட்டோம்." அந்தப் பக்கம் அவர் மனைவி கறியைப் பற்றிக் கேட்டிருப்பாள். "எங்க திங்கிறது. சம்மந்தியம்மா கெடுத்துட்டாங்க. செத்தவங்களுக்குக் கஃபன் துணி சுத்துற மாதிரி கத்தியச் சுத்திக் கொண்டு போயிருக்காங்க."

பிறகு சிரித்தார் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தார்.

ஒரு வாரத்தில் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து என் மூத்த மகள் போன் போட்டு, என்ன உம்மா, கத்தியைப் பார்சல் பண்ணினீர்களாமே என்றாள். இன்றுவரை கல்யாண வீட்டில் யாராவது ஒருத்தி என்னிடம் டேப் இருக்கிறதா என்று கேட்காமல் விடுவதில்லை. கேட்கட்டும்.

அன்று அந்தப் போன் முடிந்ததும் மகன் அடுப்படிக்கு வந்தான். பக்கத்தில் நின்று, கேட்காமலே, ஒரு கிண்ணம் பூண்டு உரித்துக் கொடுத்தான். உரித்த அழகைப் பார்த்தால் அந்தக் கைக்குப் பூண்டும் சரிப்படாது. நான் சொல்லவில்லை.

இதை எழுத எனக்குப் பதினான்கு நாள் ஆனது. என் எழுத்து எனக்கே புரிவதில்லை. பேத்தி அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள், நிறுத்தி நிறுத்தித்தான் வாசிப்பாள், ஆனாலும் வாசிப்பாள். இங்கே வாம்மா, அந்தப் போனைக் கீழே வை. பாட்டிமா எழுதினதை முதலிலிருந்து வாசி, கேட்போம். டேப் வருகிற இடத்தில் மட்டும் சிரிக்காமல் வாசி.